பல்கனியில் இருந்த ரேடியோப் பெட்டி

டோர்செட் பார்க் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“அங்கிளுக்குப் பிளேன்காரர் கதைக்கிறது கேக்காமப் பண்ணினது நான்தான், பிள்ளை.”

“என்ன அன்ரி சொல்லுறியள்?”

“அங்கிள் பல்கனியில ஒரு அன்ரெனாவும் சின்ன ரேடியோப் பெட்டியும் பூட்டி வைச்சவரெல்லே. பைலட்மார் ஏயார்போட்டோட கதைக்கிறதை அது பிடிச்சு இன்ரநெற்றில விடும். ஸ்ட்ரோக் வந்து நேர்சிங் ஹோமுக்குப் போன பிறகும் ஃபோனில அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்.”

“ஓம், அங்கிளுக்கு உதில சரியான விருப்பம்.”

“ஃபோனில வாறது எங்கட வீட்டுப் பெட்டியில இருந்துதான் எண்டு எனக்குத் தெரியாது. கேக்க ஆளில்லாத பெட்டி ஏன் சும்மா கரண்டை இழுக்குதெண்டு பிளக்கைக் கழட்டிப்போட்டன். அவருக்கு இப்ப பேச்சு வராது. நான் போற நேரமெல்லாம் ஃபோனைக் காட்டிக் காட்டி அழுதார். வீட்டை கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறாராக்கும் எண்டு நினைச்சு, ‘கொஞ்சம் பொறுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்.”

இளையவள் அவருடைய கையைப் பிடித்தாள்.

“மகன் ஒட்டாவாவில இருந்து வந்த இடத்திலதான் ஃபோனில சத்தம் வராததுக்குக் காரணம் கண்டுபிடிச்சவன். உடன திரும்பப் பூட்டினவன்.”

“அப்ப இப்ப கேக்கிறார்தானே, அன்ரி?”

மூத்தவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் ஃபோனை அவற்ற காதுக்குக் கிட்டப் பிடிக்கிறன். பைலட்மார் கதைக்கினம். அவர் என்னைப் பாக்காமலே அதை வாங்கி மேசையில கவிட்டு வைக்கிறார்.”