செமிகோலனுக்கு முன்னால்

— கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தான். உங்க மூச்சு என் கழுத்துல விழுது.

— நீ என்ன தட்டுறேன்னு பாக்கறேன். மவுஸையே தொடலியே?

— இதுக்கு மவுஸ் கிடையாது. கறுப்புத் திரை, வெறும் எழுத்து. நம்ம விலங்குக் காப்பகத்துல யார் எந்தப் பதிவைப் பாக்கலாம், யார் மாத்தலாம்னு இங்கதான் முடிவாகும்.

— என்னைப் பத்தி என்ன முடிவு?

— பாக்கலாம். மாத்த முடியாது.

— ஏம்மா! ஆறு வருஷமா நாய்க்கூண்டு கழுவுறவன்...

— கழுவுங்க. யாரு வேணாம்னா?

— மருந்து கொடுத்ததை யார் எழுதறது?

— அதை நீங்களே எழுதலாம். நாயோட நிலைமைங்கற இடத்துலதான் கை வைக்கக் கூடாது. மேனேஜர் உத்தரவு.

— அந்தாளுக்கு என்னவாம்?

— யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு டேட்டாபேஸ் குறிச்சு வச்சுக்கும் அத்தான். பதினாலாம் கூண்டு நாய்...

— முக்காலி.

— ...'தத்துக்குத் தயார்'. ஒரு குடும்பம் பாக்க வருதுன்னா உடனே 'சிகிச்சையில்'. அவங்க திரும்பிப் போனதும் மறுபடி 'தயார்'. அஞ்சு தடவை!

— இருமிச்சு.

— அஞ்சு தடவையுமா? ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் இருமுற நாயை இப்பதான் கேள்விப்படறேன்.

— சரி, இருமல. அதுக்கு மூணு கால்தான். காதும் கேக்காது. நான் கூண்டுக் கதவைத் தட்டுனா, அந்த அதிர்வுலதான் என்னைக் கண்டுபிடிக்கும். புது இடத்துல யாரு தட்டுவா?

— நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?

— உங்க அக்கா இருக்கற வீட்டுக்கா? நாய் உள்ள வந்தா நான் வெளியன்னு சொன்னவ.

— எப்போ சொன்னா?

— கல்யாணமான புதுசுல.

— அதுக்கப்புறம் கேட்டீங்களா? சாப்பிட உக்காந்தாலே முக்காலி புராணம்தான்னு அவ சிரிக்கிறா.

— சிரிப்பா, சிரிப்பா. அவ மூஞ்சியைப் பாத்து யாரு கேக்கறது... ஏய், எண்டர் தட்டிட்டியா?

— தட்டினேன். ஆனா கடைசியில செமிகோலன் வைக்கல. வச்சாதான் ஓடும்.

— அது என்னது?

— ஒரு புள்ளி, கீழே ஒரு வால்.

— வைக்காத! ஒரே ஒரு தடவை மாத்திக்கறேன். இன்னைக்கு முக்காலியை எடுக்க யாரோ வராங்களாமே...

— அஞ்சு மணிக்கு. கையெழுத்தே போட்டாச்சு.

— நல்ல மனுஷங்களா?

— கோவம் ஜாஸ்தி. மத்தபடி தங்கம்.

— கோவக்காரங்க கையிலயா... கெஞ்சிக் கேக்கறேன்மா. அது இல்லாம நான்...

— வச்சுட்டேன். பாருங்க, 'ரிவோக்'னு வந்துருச்சு, அனுமதி ரத்து. இனிமே நீங்க மாத்த முடியாது.

— நீயெல்லாம் ஒரு மச்சினியா?

— என்னை ஏன் திட்டறீங்க? எடுக்கறவங்கதான் காலையில மேனேஜருக்குப் போன் பண்ணி ஒத்தக்கால்ல நின்னாங்க, 'எங்க வீட்டுக்காரர் மறுபடி சிகிச்சைன்னு மாத்திருவாரு, முதல்ல அவர் கையைக் கட்டுங்க'ன்னு.