‘தலைவி’ என்ற கட்டம்

என் வருகைப் பதிவேடுகளைப் பார்த்திருப்பீர்கள், மேடம். பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண், கையெழுத்து. ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. தொண்டு நிறுவனத்தில் பதினொரு வருடம். துனிசியாவின் தெற்கில் இந்த லஸ்ஹரைப் போலப் படிவம் நிரப்ப ஆள் கிடையாது என்று எங்களுக்குப் பணம் தரும் உங்கள் தலைமை அலுவலகமே சொல்லியிருக்கிறது. இப்போது மதிப்பீடு செய்ய உங்களை அனுப்பியிருக்கிறார்கள். மப்ரூகா விஷயத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் ஊர்த் தண்ணீரை எல்லாம் பாஸ்பேட் கழுவும் ஆலை குடித்துவிடும். வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பதினான்கு பெண்கள் ஒருநாள் ஆலையின் ரயில் பாதையில் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ரயில் தொண்ணூறு நாள் நகரவில்லை. அவர்களிடம் பயிற்சிக் கையேடு இல்லை, ஆண்டுத் திட்டம் இல்லை, ஒரு சின்னம்கூட இல்லை. பாவம், எப்படித்தான் சமாளித்தார்களோ.

“உங்க தலைவி யாரு?” என்று போலீஸ் வந்து கேட்கும்.

“இன்னைக்கு டீ ஊத்துறவதான் பேசுவா. இன்னைக்கு ஸோஹ்ரா. நாளைக்கு யாருன்னு இந்தக் கேத்தலத்தான் கேக்கணும்” என்பார்கள்.

கூட்டம் கூட்டியவர் என்று ஒரு பெயர் இல்லாமல் வழக்கு நிற்காது. அதனால் போலீசும் ஒரு கிளாஸ் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும்.

நான் எங்கள் நிறுவனத்தின் பதாகையோடு போனேன். “என்னடா லஸ்ஹர், நாங்க தண்ணி கேட்டா நீ துணி கொண்டாந்திருக்க?” என்றாள் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தியான மப்ரூகா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா இறந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று நாளும் குஸ்குஸ் சமைத்து அனுப்பியவள் அவள். அவள் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள முடியுமா?

திட்டப் படிவத்தில் ‘தலைவி’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பித் தரும்படி மப்ரூகாவிடம் சொன்னேன்.

“தலைவின்னு ஒருத்தி பேர எழுதினா அவளத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும் அக்கா. ஆனா கட்டம் காலியா இருந்தா திட்டம் வராது. என் வேலை போயிடும்.”

அவள் எனக்கு டீ ஊற்றினாள். “சரி, எம் பேரையே எழுதிக்க. ஒன் புள்ளைங்க பட்டினி கெடக்க வேணாம். இந்தக் காகிதம் வெளிய போவாதுல்ல?”

“போவாது அக்கா.”

திட்டம் வந்தது. ஹம்மாமத் நகரில் ஒரு கடலோர ஓட்டலில் மூன்று நாள் பட்டறை வைத்தேன். தலைப்பு, ‘நீடித்த போராட்டத்தை நடத்துவது எப்படி’. தொண்ணூறு நாள் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க, தரையில் உட்கார்ந்தே பழக்கமில்லாத ஒருவர் தலைநகரிலிருந்து வந்தார். ஸோஹ்ரா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, “இவ்ளோ தண்ணியா?” என்று நின்றபடியே அழுதாள். அதைப் படம் எடுத்தேன். உங்கள் அறிக்கையின் அட்டைப்படம் அதுதான். நன்றாக வந்திருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

மப்ரூகா மட்டும் வரவில்லை. கூடாரம் காலியாக இருக்கக் கூடாது என்று மூன்று நாள் டீ முறையையும் அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் பகலில் போலீஸ் வந்தபோது கூடாரத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். இந்த முறை அவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் ரயில் போனது. அவளுக்கு மூன்று வருடம்.

படிவத்தின் நகலை வட்டார அதிகாரியிடம் கொடுத்தது நான்தான். ‘அரசுடன் ஒருங்கிணைப்பு’ என்று உங்கள் வழிகாட்டியில் ஓர் அத்தியாயமே இருக்கிறதே. “ஒரே ஒரு பேரு கெடச்சா போதும்யா” என்று அவர் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பட்டறைத் தேதியையும் அவரைக் கேட்டுத்தான் வைத்தேன். பயமுறுத்தித்தான் வாங்கினார்கள் என்று எழுதிவிடாதீர்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

ஏன் என்கிறீர்களா? அடுத்த வாரம் ஆலை பேச்சுவார்த்தைக்கு வருவதாக இருந்தது. தண்ணீர் கிடைத்திருக்கும். பதினொரு வருடம் நான் தண்ணீர் விழிப்புணர்வு முகாம் நடத்தியும் ஒரு சொட்டு வரவில்லை. ஒரு கேத்தலை வைத்துக்கொண்டு இவர்கள் வாங்கிவிடுவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள், சொல்லுங்கள்?

சிறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். “கூடாரத்துல இன்னைக்கு யாருடா டீ ஊத்துறா?” என்றுதான் முதலில் கேட்டாள். என் வேலை போகவில்லையே என்று அடுத்ததாகக் கேட்டாள். போகவில்லை என்றேன். நிம்மதியாகச் சிரித்தாள். எனக்கும் மனது லேசாகிவிட்டது.

நான் அந்தப் பெண்களுக்கு எதிரி இல்லை, மேடம். ‘கைதானவர்களின் குடும்பங்களுக்கு ஆதரவு’ என்று புதிய திட்டம் தயாராக இருக்கிறது. மப்ரூகாவின் மகள் ஹயாத் இப்போது வீடு வீடாகப் போய் அந்தப் பெண்களை மறுபடி கூட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தண்டவாளத்துக்குப் போகிறார்களாம். கட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டேன். அடையாள அட்டை எண்தான் பாக்கி. நாளைக்குத் தருகிறேன் என்றிருக்கிறாள். அம்மாவைப் போலவே அவளும் என்னை முழுதாக நம்புகிறாள்.