சுரங்கப் பட்டியலில் ஒரு பெயர்

ஒஸ்லோவில், ஸ்டோவ்னருக்குப் போகும் தே-பானே மெட்ரோ ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள்.

“எங்கடை பூட்டன் ஸ்கொட்லாந்திலை நிலக்கரி வெட்டினவர்,” என்றாள் ஒருத்தி.

மற்றவள் சிரித்தாள். “உன்ரை வெள்ளைக்கார மனுசன்ரை பூட்டன் எண்டு சொல்லு. அவர் குடும்பத்தை விட்டிட்டு ஓடினவரெல்லே?”

“ஓடேல்லையடி. சுரங்கத்திலை செத்தாக்களின்ரை பட்டியல் இன்ரநெற்றிலை இருக்கு. பேரை எழுத்து மாத்தி மாத்தி அடிச்சு எட்டு மாதமாத் தேடினனான். நேற்றுக் கண்டுபிடிச்சிட்டன். வேறை ஊரிலை, வேலைக்குச் சேர்ந்த மூண்டாம் நாளே சுரங்கம் இடிஞ்சு செத்திருக்கிறார்.”

“மனுசனே தேடேல்லை. உனக்கேனடி இந்தப் பாடு?”



“ஊரிலை சண்டைக்குள்ளை காணாமல்போன என்ரை அண்ணாவைத் தேட ஒரு பட்டியலும் இல்லை. பட்டியல் இருக்கிற இடத்திலை எண்டாலும் ஒராளைக் கண்டுபிடிக்காமல் விடுறேல்லை எண்டு இருந்தனான்.”