பல்லைக் கட்டுன கம்பி

இல்ல டாக்டரம்மா, வலிக்கல. ஆறு வாரமா இந்தக் கம்பிதான ஆடுன மூணு பல்லையும் பக்கத்துப் பல்லோட சேத்துப் புடிச்சு வச்சிருக்கு. இன்னைக்குக் கழட்டிடலாம்னீங்க, அப்புறம் என்ன யோசனை? ஆட்டிப் பாத்துட்டீங்க, அசையலையே. அந்த நடுப்பல்லா? அது முனை சின்ன வயசுலயே ஒடஞ்சது, அதை விடுங்க.

குதிரை உதைக்கல. நீங்க பிஷ்கெக் பட்டணத்துல வளந்தவங்க, கோக்-பொரு ஆடியிருக்க மாட்டீங்க. குதிரை மேல இருந்தபடியே குனிஞ்சு, தரையில கெடக்குற தலையில்லாத ஆட்டைத் தூக்கணும். அதுக்கு ரெண்டு கையும் வேணும். சாட்டைய எங்க வைக்கிறது? பல்லுலதான் கவ்விக்குவோம். நான் கவ்விக்கிட்டுக் குனிஞ்ச நேரம் பாத்து எவனோ வெடுக்குன்னு இழுத்துட்டான். ஒரே புழுதி, ஆளு தெரியல. சாட்டையும் போச்சு. எதிர் அணிக்காரனுங்கதான்னு ஊரே திட்டித் தீத்துச்சு. நானுந்தான்.

ஆமா, வெளிய உக்காந்திருக்குறது என் தம்பி மெலிஸ். அன்னைக்கு ஊர் ஆட்டத்துல அவனும் என் பக்கந்தான் ஆடுனான். வாராவாரம் அவன்தான கூட்டிட்டு வர்றான். கறி கடிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, ரொட்டிய சூப்புல ஊறப்போட்டு ஊட்டி விட்டான். என் பொண்டாட்டிக்குக்கூட அவ்ளோ பொறுமை கெடையாது. எங்க நாரின் மாகாண அணியில எனக்குன்னு இருந்த இடத்த அவனுக்குக் குடுத்தாங்க. அண்ணன் இடம் எனக்கு வேண்டாம்னு தேம்பித் தேம்பி அழுதான். நான்தான் போடா கிறுக்கான்னு என் குதிரையையும் குடுத்து அனுப்புனேன். நான் எட்டு வருஷம் காத்துக்கெடந்த இடம் அது. வயிறு எரிஞ்சுது, ஆனா தம்பிதானேன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

நாளைக்குப் பெரிய போட்டி. அதான் நேத்து அவன் சேணத்துக்கு எண்ணெய் போட்டுக் குடுக்கலாம்னு உக்காந்தேன். அதுல அவன் புதுச் சாட்டை தொங்குச்சு. சந்தையில வாங்குனேன்னு சொல்லியிருந்தான். கைப்பிடியில தோலு கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு, சரி ஒட்டிக் குடுப்போம்னு முழுசா உரிச்சேன்.

உள்ள கட்டை பழசு டாக்டரம்மா. கவ்விக் கவ்வித் தேஞ்ச பல்லுத் தடம். நடுவுல என் ஒடஞ்ச பல்லு படாத எடம் மட்டும் மேடா நிக்குது.

இன்னும் யார்கிட்டயும் சொல்லல, அவன்கிட்டயும். திரும்பத் தோலைச் சுத்தி வச்சிட்டேன். இப்பவும் அவன் பூட்சுலதான் சொருகி வச்சிருக்கான்.

நீங்க கம்பிய எடுங்க. எடுத்துட்டு அவனை உள்ள வரச் சொல்லுங்க, சாட்டையோட. பல்லு நிக்குதான்னு அவன் முன்னாடியே அதைக் கடிச்சுப் பாக்கணும்.