புழு மருந்து யாருக்குப் போச்சு?

மனைவி: ...தண்ணியத்தான் ஊசியில ஏத்தியிருக்கீங்க டாக்டர்! ஆட்டுக்கொல்லி நோய் எட்டியே பாக்காதுன்னீங்க. இப்ப ரெண்டு ஆடு மூக்கு ஒழுகிப் படுத்துக் கிடக்கு!

டாக்டர்: நல்ல தடுப்பூசிதாம்மா. நீங்க கொண்டுவந்த புழுக்கையை இந்த மைக்ராஸ்கோப் வழியாப் பாருங்க.

மனைவி: அடக் கடவுளே... முட்டை முட்டையா இருக்கே!

டாக்டர்: குடற்புழு முட்டை. வயித்துல புழு மண்டிக் கிடந்தா தடுப்பூசி சரியாப் பிடிக்காது.

மனைவி: ஊசி போட்டது கழுத்துலன்னீங்க. புழு இருக்கறது வயித்துல. ரெண்டுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

டாக்டர்: உடம்பு ஒண்ணுதானே! புழு சத்தையெல்லாம் உறிஞ்சிடும். தன்னை யாரும் துரத்தக் கூடாதுன்னு, உடம்போட எதிர்ப்பு சக்தியையும் தட்டித் தூங்க வெச்சிடும். அப்புறம் ஊசி போய்க் கதவைத் தட்டினா யார் எழுந்து வருவா?

கணவன்: பாவம், அசந்து தூங்கறப்போ...

மனைவி: நீங்க சும்மா இருங்க!

டாக்டர்: அதுக்குத்தானே ஊசிக்கு முன்னாடியே புழு மருந்து குடுத்தேன்?

மனைவி: ஊத்தியாச்சே! இவர்தான் ஒவ்வொண்ணா வாயைப் பிளந்து ஊத்தினார். என்னங்க?

கணவன்: ம்... ஊத்தினேன்...

டாக்டர்: எல்லாத்தையுமா?

கணவன்: சொட்டு மிச்சமில்ல.

டாக்டர்: அப்போ அந்த மருந்துக்கு இந்தப் புழு மசியல. கடுமையான மருந்துதான் வழி. சினை ஆடு ஏதாவது இருக்கா?

மனைவி: கறுப்பி இருக்கா...

டாக்டர்: அவளுக்குக் குட்டி கலைஞ்சாலும் கலையலாம்.

மனைவி: ஐயோ!

கணவன்: வேண்டாம் டாக்டர்... பழைய மருந்தே போதும். அதைப் புழு இன்னும் ருசியே பாக்கல.

மனைவி: என்னது? பாட்டில் காலியா இருந்துதே!

கணவன்: ரோஜாச் செடிக்கு ஊத்திட்டேன்...

மனைவி: ரோஜாவுக்கு எதுக்குங்க குடற்புழு மருந்து!

கணவன்: ரோஜா முட்டாதே... எனக்கு ஆடுன்னா பயம்.

மனைவி: பொய்! பொண்ணு பாக்க வந்தப்போ தோள்ல கிடாவைப் போட்டுக்கிட்டு வந்தீங்களே?

கணவன்: எங்கப்பா ஏத்தி விட்டுட்டார். இறக்கத்தான் பயமா இருந்துச்சு.

டாக்டர்: சரி, சரி. நீங்க ஊத்துங்கம்மா.

மனைவி: நானா? நான்... தழையையே வேலிக்கு வெளிய நின்னுதான் வீசுவேன்.

கணவன்: அடிப்பாவி, உனக்குமா!

மனைவி: வீட்டுல ஒருத்தருக்காவது தைரியம் இருக்குன்னு நெனச்சேன்...

டாக்டர்: யாராவது உள்ள போயே ஆகணும்மா. இன்னிக்கே மருந்து, புழு போனதும் மறுபடி தடுப்பூசி. நோய் வந்த ரெண்டையும் தனியாக் கட்டணும். இல்லேன்னா எல்லாத்துக்கும் பரவிடும்.

மனைவி: நீங்கதான் இருக்கீங்களே டாக்டர்!

டாக்டர்: கம்பவுண்டர்... லீவுல போயிருக்கான்.

கணவன்: கம்பவுண்டர் எதுக்கு?

டாக்டர்: ஊசி போட்ட அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள இருந்தீங்க, அதான் உங்களுக்குத் தெரியல... ஊசி எல்லாம் போட்டது அவன்தான். நான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லம்மா. சரி, கிளம்புங்க... மூணு பேரும் கையைக் கோத்துக்கிட்டு உள்ள போவோம். நடுவுல நான்.