தேறினவர்கள் இல்லாத வகுப்பு

— உக்காரச் சொல்லாத. நான் உக்கார வரல. அந்த வாக்கியத்தை எழுதினது நீதானா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

— எந்த வாக்கியம்க்கா? அவ்வளவு பெரிய ஆய்வேட்டுல எதைன்னு சொல்றது?

— "மாலை நேரச் சிறப்பு வகுப்புகளின் தேவை மறுபரிசீலனை செய்யப்படலாம்." திங்கக்கிழமையிலிருந்து என் வகுப்புல பூட்டு தொங்குதுடா. ஏன் ஏன்னு கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. இன்னைக்கு ஆசிரியர் கூட்டத்துல தாளாளர் எழுந்து நின்னு இதைப் படிச்சுக் காட்டினார். காட்டிட்டு, "நானா சொல்றேன்? உங்க தம்பியே எழுதியிருக்காரும்மா"ன்னார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

— ஆய்வுக்கு அனுமதி கொடுத்த பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்கணும்னு விதி. கொடுத்தேன். அதை அவர் பிரிச்சுப் பார்ப்பார்னு யாருக்குத் தெரியும்?

— ஒருத்தரும் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துலதான் எழுதினியா அப்போ?

— அண்ணி, மொதல்ல தண்ணி குடிங்க. கதவுகிட்ட குட்டியோட பேட்மிண்டன் பேட் சாஞ்சிருக்கு, இந்தப் பக்கமா வாங்க, தடுக்கிடப் போகுது.

— பாரும்மா, உன் புருஷன் பண்ணியிருக்கற காரியத்தை. கூடப் பிறந்தவன் வெச்ச கொள்ளி. என் வகுப்பு நடக்கற ஹாலை ஃபர்னிச்சர் கடைக்காரனுக்கு குடோனா விடணும்னு தாளாளர் எப்போலேருந்தோ அலையறார். அவருக்கு ஒரு சாக்கு வேணும். இவன் பைண்டு பண்ணிக் கொடுத்திருக்கான்.

— நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. டீ போடறேன்.

— மூடுங்கன்னு நான் எழுதவே இல்லைக்கா. மறுபரிசீலனை செய்யப்படலாம்னுதான் எழுதினேன்.

— கத்தியைக் கையில கொடுத்துட்டு, குத்துன்னு நான் சொல்லலையேங்கற. நல்லா இருக்குடா நியாயம்.

— நீ கோபத்துல இருக்க. ஒரு நிமிஷம் பொறுமையா கேளு. உங்க பள்ளிக்கூடத்துல ஆறு, ஏழு, எட்டு. கடைசிப் பருவத்துல ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நாள் மாலை வகுப்புக்கு வந்தது, ஆண்டுத் தேர்வுல கணக்குல என்ன மார்க் வாங்குச்சு. ரெண்டையும் எதிரெதிரா வெச்சுப் பார்த்தேன். நாள் கூடக் கூட மார்க் குறையுது. ஒட்டுறவு எதிர்மறை, அதுவும் பலமா. இது என் அபிப்பிராயம் இல்ல. எண் சொல்லுது.

— ஒட்டுறவா? உனக்கும் எனக்கும் இனிமே ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். காக்கா உக்காந்துச்சாம், பனம்பழம் விழுந்துச்சாம். இதுக்கு ஒரு டாக்டர் பட்டம்.

— காக்காதான் தள்ளிவிட்டுச்சுன்னு நான் எங்கேயுமே சொல்லல. ஒட்டுறவு வேற, காரணம் வேற. ரெண்டு விஷயம் சேர்ந்து ஏறும், இறங்கும், அவ்வளவுதான். எது எதை இழுக்குதுன்னு இந்த ஆய்வு முறையால சொல்ல முடியாது. முதல் வருஷப் பசங்களுக்கு இதை நடத்தறதே நான்தான்.

— ஊருக்குத்தான் உபதேசம். சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சவன் கடைசி அத்தியாயத்துல என்னத்துக்குடா வாயைத் திறந்த?

— கைடு கேட்டார். பரிந்துரை இல்லாத ஆய்வேட்டை எவன் எடுத்துக்குவான்னார். ஒரு நாலு வரி எழுதிப் போட்டேன். எல்லாரும் போடறதுதான்.

— எல்லாரும் போடற நாலு வரியில என் பிள்ளைங்க வெளிய நிக்குது. இன்னைக்கு சாயங்காலம் கூட நாலஞ்சு பேர் அந்தப் பூட்டின கதவுகிட்ட உக்காந்து படிச்சுட்டு இருந்தாங்க. வீட்டுக்குப் போங்கடான்னா போக மாட்டேங்கறாங்க. வீட்டுல சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தா என்கிட்ட ஏன் வரப் போறாங்க?

— வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எண்ணை மாத்தி எழுத முடியுமா?

— ஏன்டா, ஆஸ்பத்திரியில போய்ப் பாரு. வீட்டுல இருக்கறவனை விட அங்க படுத்திருக்கறவனுக்குத்தான் காய்ச்சல் அதிகம். அதுக்காக ஆஸ்பத்திரியாலதான் காய்ச்சல் வருதுன்னு இழுத்து மூடுவியா? கணக்கு வராத பிள்ளைங்களைத்தானே என்கிட்ட அனுப்பறாங்க.

— அது கூடத் தெரியாதவனா நான்? அதுக்காகத்தான் முந்தின வருஷ மார்க்கையும் வாங்கினேன். ஆரம்பத்துல ஒரே மாதிரி கீழ இருந்த பிள்ளைங்களை மட்டும் தனியா பிரிச்சேன். அதுலயும் உன் வகுப்புக்கு வராதவங்க ஏறியிருக்காங்க. வந்தவங்க நின்ன இடத்துலயே நிக்கறாங்க. இதுக்கு என்ன பதில் சொல்லப் போற? சொல்லு.

— வராதவங்கன்னா யாரு?

— கடைசிப் பருவத்துல ஒரு நாள் கூட வராதவங்க.

— ஏன் வரல?

— ஏன்னா... தேவைப்படல. தானாவே படிச்சுக்கிட்டாங்க.

— தானாவே.

— ஆமா. சிரிக்காத. அதுதான் என் ஆய்வோட முக்கியமான கண்டுபிடிப்பே.

— நான் சிரிக்கலடா. வயிறு எரியுது. என் ஹால்ல மொத்தமே ஏழு பெஞ்சு. அடுத்தடுத்து ரெண்டு பரீட்சை பாஸ் பண்ணினா அந்தப் பிள்ளையை எழுப்பி வெளிய அனுப்பிடுவேன். அழுதாலும் அனுப்பிடுவேன். வரிசையில நிக்கற அடுத்த பிள்ளைக்கு இடம் வேணும். என் வகுப்புல முதல் நாள்லேருந்து இதுதான் சட்டம். கடைசிப் பருவத்துல நீ வந்து எண்ணினப்போ யாரு மிச்சம் இருந்திருப்பா? குணமானவனை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டா வார்டுல யாரு படுத்திருப்பா?

— இரு, இரு. அப்போ, கீழேருந்து ஏறினவங்க...

— என்கிட்ட இருந்து போனவங்க. அந்தக் கண்ணாடிக்காரன், எட்டாம் வகுப்பு நெட்டையன், அந்த ரெட்டைப் பிள்ளைங்க. எல்லாரையும் நீ "வராதவங்க" பக்கம் போட்டிருக்க.

— ஏங்க, அப்போ பாஸ் ஆனா அது பிள்ளையோட கெட்டிக்காரத்தனம், ஃபெயில் ஆனா அது அண்ணியோட வகுப்பு. அப்படித்தானே ஆகுது உங்க கணக்கு?

— நீ டீயை வெச்சுட்டுப் போ.

— அவளை ஏன் விரட்டற? ஒரே வரியில சொல்லிட்டா. நான் நல்லா நடத்த நடத்த உன் எண்ணுல கெட்ட பேரு ஏறுது. சோம்பேறியா தேறினவனையும் வெளிய அனுப்பாம விட்டிருந்தா, நாலு நல்ல மார்க்காவது என் பக்கம் நின்னிருக்கும்.

— இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா.

— நீ கேட்டியா? தெருவுக்குத் தெரு எவன்கிட்டயோ கேள்வித்தாள் நீட்டின. கூடப் பிறந்தவ அந்த வகுப்பை நடத்தறா, அவளை ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டா ஒருதலைப்பட்சம் ஆயிடும். சொந்தக்காரங்க கிட்ட தகவல் வாங்கக் கூடாது. அதனாலதான் பேரு கூட இல்லாம, வெறும் வரிசை எண்ணா அலுவலகத்துலேருந்து வாங்கினேன். டைப் அடிச்சது கூட வெளி ஆளு.

— ரொம்ப நேர்மை. சரி, விடு. இப்போதாவது தெரிஞ்சுதில்ல? நாளைக்குக் காலையில பெத்தவங்க கூட்டம் வெச்சிருக்கார். ஹாலைக் கொடுக்கறதை அங்கதான் முடிவு பண்ணப் போறாங்க. நீ வா. வந்து, "நான் எண்ணினது தப்பான நேரத்துல, இதை வெச்சு வகுப்பை மூடாதீங்க"ன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா, பொழைப்பு போயிடும்னு பேசறான்னுதான் சொல்லுவாங்க.

— நாளைக்கா? அடுத்த வாரம் எனக்கு வாய்மொழித் தேர்வு, வைவாக்கா.

— அதுக்கு?

— வைவாவுக்கு முன்னாடி நானே போய் என் ஆய்வு தப்புன்னு ஊர் முன்னாடி சொன்னா, கைடு என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார். வேலை நிரந்தரம் ஆகறதே இந்தப் பட்டத்துலதான் இருக்கு. முடியட்டும். அப்புறம் ஒரு கட்டுரை எழுதறேன், அதுல இந்த வரம்பை எல்லாம் விளக்கமா...

— கட்டுரையா? குடோனுக்குள்ள சோபா ஏறின பிறகு கட்டுரை. எரியற வீட்டுக்கு மழை வரும்னு ஜோசியம் சொல்ற.

— பின்ன என்னை என்ன பண்ணச் சொல்ற? இத்தனை வருஷ உழைப்பு. ராத்திரி பகல் பார்க்காம...

— உன் உழைப்பு மட்டும் உழைப்பு. நான் என்ன அங்க உக்காந்து ஈ ஓட்டினேனா? உனக்கு என் வகுப்புன்னாலே இளக்காரம்டா. போன வருஷம் எங்க பள்ளிக்கூடத்துலயே உன் பொண்ணு குட்டி கணக்குல ஃபெயில் ஆனப்போ, என்கிட்ட அனுப்புன்னு கேட்டேன். என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா? "என் பொண்ணு அந்த மக்குங்க கூட உக்காந்தா, நான் காலேஜ்ல எப்படித் தலை நிமிர்ந்து நடக்கறது"ன்ன.

— சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். அனுப்பல. என்ன கெட்டுப் போச்சு? பேட்மிண்டன்ல சேர்த்துவிட்டேன். ஓடி ஆடினா மூளை சுறுசுறுப்பாகும்னு சேர்த்தேன், கிடுகிடுன்னு ஏறிடுச்சாம் கணக்கு, மார்க் கார்டுல கையெழுத்துப் போடற இவ சொன்னா. எந்த மாலை வகுப்பும் இல்லாம. என் அடுத்த ஆய்வே அதுதான். விளையாட்டும் கணக்குத் திறனும். ரெண்டு பேரும் ஏன் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறீங்க?

— ஒண்ணுமில்ல. குட்டி எங்க?

— உள்ள படுத்திருக்கா. திங்கக்கிழமையிலிருந்து பேட்மிண்டன் இல்லையாம், கோச் ஊருக்குப் போயிட்டாராம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுக் கிடக்கறா. அதுல அவளுக்கு அவ்வளவு ஈடுபாடு.

— திங்கக்கிழமையிலிருந்தா.

— ஆமா. அதை விடு. நான் வெறும் வாய்ப்பேச்சு பேசறேன்னு நினைக்காத. இந்தக் கம்ப்யூட்டர்ல பாரு. இதோ இந்தப் படத்துல ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளை. கீழ வலது பக்கம் கும்பலா இருக்கே, அது உன் வகுப்பு. மேல இடது ஓரத்துல தனியா ஒரு புள்ளி நிக்குது பாரு.

— எனக்கு எந்தப் புள்ளியும் பார்க்க வேணாம்.

— பாரு. ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை. முந்தின வருஷம் கடைசி மார்க். இந்த வருஷம் மொத்த பள்ளிக்கூடத்துலயும் முதல் மார்க். மாலை வகுப்பு, பூஜ்யம். நீ சொல்றபடி மத்தவங்களை எல்லாம் தள்ளினாலும், இந்த ஒரு பிள்ளை போதும் எனக்கு. வீட்டுல வளர்க்கற விதத்துல வளர்த்தா யார் தயவும் வேணாம். வைவாவுல இந்தப் புள்ளியைத்தான் பெருசு பண்ணிக் காட்டப் போறேன்.

— ஏங்க. அந்தப் பிள்ளையோட வீட்டைப் பத்தி உங்ககிட்ட வேற என்ன இருக்கு?

— வேணாம்மா. நீ உள்ள போ. குட்டிக்கு வாக்கு கொடுத்திருக்கோம்.

— இல்ல அண்ணி. இவ்வளவு நாளா நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் இவ்வளவு பேச்சு கேட்டும் அதை மட்டும் சொல்லல. இப்போ நான் கேக்கறேன். சொல்லுங்க, அப்பா என்ன வேலை?

— என்ன வாக்கு? என்ன பேசறீங்க ரெண்டு பேரும்? அப்பா தொழில்... எண்ணாதான் இருக்கும். நாலு.

— நாலுன்னா?

— கல்லூரி ஆசிரியர். நான் சொல்லல, படிச்ச வீடுன்னு?

— ஏழாம் வகுப்புல இன்னும் எத்தனை நாலு இருக்குன்னு பாருங்க.

— இரு. ஏழாம் வகுப்பு... நாலு... வேற இல்லையே. இது ஒண்ணுதான். ஒரே...

— ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க.

— இது குட்டியா?

— நீங்க அனுப்ப மாட்டேன்னு சொன்ன அடுத்த நாளே அண்ணிகிட்ட கொண்டு போய் உக்கார வெச்சேன். அரை வருஷம் கடைசி பெஞ்சுல உக்காந்து அழுது அழுது கணக்குப் போட்டா. ரெண்டு பரீட்சை பாஸ் ஆனதும், சட்டப்படி இவங்க எழுப்பி வெளிய அனுப்பிட்டாங்க. அப்பவும் அவ வீட்டுக்கு வரல. அடுத்து வந்த பிள்ளைங்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துட்டு, வருகைப் பதிவுல பேரு இல்லாமலே அங்கேயே இருந்தா. திங்கக்கிழமை பூட்டுப் போட்டதுலேருந்துதான் படுத்துக் கிடக்கறா.

— பொய். அவ பேட்மிண்டன் போனா. தினமும் பேட்டைத் தூக்கிட்டுப் போனதை நான் கண்ணால பார்த்தேன்.

— கதவுகிட்டதான் இருக்கு. உறையைப் பிரிச்சுப் பாருங்க, விலைச் சீட்டு கூட இன்னும் கிழிக்கல.