பன்னிரண்டு ரூபாய்ப் பங்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் இருக்காது. அந்தச் சும்மா இருக்கிற நேரத்துக்காகத்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்தேன். அடிக்க வேண்டியதில்லை சார். நானே சொல்கிறேன்.

பதினோரு பேர் ஆடினோம். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிற வெறும் எண். நாகல் நகரில் உள்ள நிஜக் கடைகள்தான் எங்கள் கம்பெனிகள். ஞாயிறு மத்தியானம் முறை வைத்து ஒருவர் போய் ஒவ்வொரு கடைக் கூட்டத்தையும் பார்த்து வருவார். கூட்டம் ஏறினால் பங்கு விலை ஏறும். கடைக்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது.

புதுக்கடை வந்தால் அதன் பங்குக்கு முதல் விலை நான் போடுவேன். என் அப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகர். அங்கே போலத் துண்டை விரித்து, அதற்கடியில் ஒவ்வொருவரும் என் விரலைப் பிடித்து அவரவர் விலையைச் சொல்வார்கள். அடுத்தவருக்குத் தெரியாது. எல்லாம் கேட்டு நியாயமான விலை ஒன்றை அறிவிப்பேன். அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. 'ஞானதாஸ் சொன்னா சரியா இருக்கும்' என்பார்கள். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஆரிபா ஒரு மெஸ் திறந்தார். புருஷன் இல்லாத பெண், மூன்று மேஜை, தண்ணீர் லாரி திரும்ப முடியாத தெரு. நான் பன்னிரண்டு ரூபாய் போட்டேன். டோனி மட்டும் துண்டுக்கடியில் நாற்பது பிடித்தான். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், தங்கமானவன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆறு மாதத்தில் அது அறுபதுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவின் கறிக்குழம்புக்கு லாரி டிரைவர்கள் மெயின் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். தன் பங்கைப் பதினைந்துக்கு விற்றுவிட்ட எங்கள் ஆட்டக்காரர் சின்னக்கண்ணு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். டோனி சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அன்னைக்கே நாப்பதுன்னு வெரலைப் புடிச்சேன்ல. நீங்கதான் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து ஒரு பேக்கரி வந்தது. துண்டை விரித்தேன். டோனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்களே போட்டுக்கங்கண்ணே. அம்புட்டு வெவரம் எனக்குப் பத்தாது."

அவனைப் பார்த்து மற்றவர்களும் கை நீட்டவில்லை. துண்டுக்கடியில் என் கை மட்டும் இருந்தது. அப்போது வந்த பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சந்தையில் கை கிடைக்காத தரகன் செத்தவன் மாதிரி. அதற்குப் பிறகு தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். விலை சரிதான். கடைதான் அளவுக்கு மீறிப் போய்விட்டது. பன்னிரண்டு ரூபாய்க் கடை பன்னிரண்டு ரூபாய்க் கடையாக இருக்க வேண்டும். சின்னக்கண்ணு மாதிரி என்னை நம்பி விற்றவர்களுக்கு நான்தானே பொறுப்பு.

முதலில், செத்த ஆட்டுக்கறி போடுகிறார்கள் என்று நாலு பேரிடம் சொன்னேன். நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. மூன்றே வாரத்தில் அறுபத்தைந்துக்கு ஏறிவிட்டது. அவ்வளவு நல்ல குழம்பு, அதை மறுக்க மாட்டேன்.

பிறகுதான் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கணக்கெடுக்கிற நாளில் நடந்தால்தான் விலையில் சேரும். விதிமுறையை மீறக் கூடாது. அன்றைக்குக் கணக்கெடுக்கிற முறை டோனியுடையது. அதுவும் எனக்குத் தெரியும்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போகிற வழியில் குழம்பு அண்டா இருந்தது. திரும்பி வந்து தயிர்ச்சோறு மட்டும் வாங்கினேன்.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா? மொகமெல்லாம் வேர்த்திருக்கு. செத்த நேரம் ஃபேனுக்கடியில ஒக்காருங்க" என்றார் ஆரிபா. நல்ல பெண். சொன்னபடி ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்தேன்.

டோனி மனைவி ஐரினோடு வந்தான். எதிர் மேஜையில் உட்கார்ந்தான். ஐரினுக்கு ஆறு மாதம், கறி வாடை ஆகாது, ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள். அதில் எனக்குப் பெரிய நிம்மதி. டோனி இரண்டு தடவை குழம்பு கேட்டான். என்னைப் பார்த்து, "கூட்டத்தைப் பாத்தீங்களாண்ணே" என்றான். தலையாட்டினேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பான்.

டோனியோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மாலை ஆரிபா மெஸ் பங்கு ஒரு ரூபாய்க்கு வந்தது. அதுவும் நியாயமில்லை என்பதால் மனசு கேட்கவில்லை. டோனியிடம் எண்ணூறு பங்கு இருந்தது. அத்தனையையும் பன்னிரண்டு ரூபாய்க்கு நானே எடுத்துக்கொண்டு, பணத்தை ஐரின் பெயரில் வரவு வைத்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் நீங்களே பார்க்கலாம்.

கொலை என்று எழுதுங்கள் சார், நான்கு கொலை. கையெழுத்துப் போடுகிறேன். விலையைத் தப்பாகப் போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்.